பெருந்தமனி ஸ்டென்ட் கிராஃப்டை அறுவை செய்து எடுப்பது: கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் டாக்டர். அப்பாவுக்கு வயது 74. வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்குத் தொடை வழியாக வைத்த ஸ்டென்ட் கிராஃப்டை (கம்பிச் சட்டம் தாங்கும் செயற்கைத் துணிக்குழாய்), வீக்கம் மறுபடியும் வளர்வதால் வயிற்றைத் திறந்து எடுக்க வேண்டும் என்கிறார்கள். வேறு வழியே இல்லையா?

பதில்: பலருக்கு உண்டு. ரத்தம் எங்கிருந்து கசிகிறது என்பதை முதலில் சி.டி. ஸ்கேனில் உறுதிசெய்ய வேண்டும். முனைகளில் கசிந்தால் உள்ளேயே இன்னொரு துண்டைச் சேர்க்கலாம். முதுகுப் பக்கத்துக் கிளைத் தமனிகள் வழியாகப் பின்னோக்கி வந்தால் அவற்றை அடைத்துப் பார்க்கலாம். இவற்றுக்குப் பிறகும் வீக்கம் வளர்ந்தாலோ, கிராஃப்ட் பற்றிக்கொள்ள நல்ல சுவரே மிஞ்சவில்லை என்றாலோதான் திறந்த அறுவை.

கேள்வி: வலியே இல்லாதபோது காத்திருக்கலாமே?

பதில்: வலி வரும்வரை காத்திருப்பது பெரும்பாலும் வெடிக்கும்வரை காத்திருப்பதாகவே முடியும். 1999 முதல் 2004 வரை நோயாளிகளைச் சேர்த்த பிரிட்டனின் ஈவார்-1 ஆய்வில், எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு வீக்கம் தொடர்பான இறப்பு, திறந்த அறுவை செய்தவர்களைவிட ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்தவர்களிடமே அதிகமாக இருந்தது. பழைய வீக்கம் வெடித்ததே அதற்கு முக்கியக் காரணம். திட்டமிட்டுச் செய்யும் அறுவையைவிட அவசரமாகச் செய்வது பல மடங்கு ஆபத்தானது.

கேள்வி: அறுவை சிகிச்சை முதுநிலை மாணவன் நான். சிறுநீரகத் தமனிகளுக்கு மேலே பெருந்தமனிச் சுவரில் பதிந்த கிராஃப்டின் கொக்கிகளை எப்படிக் கழற்றுவது, ஐயா?

பதில்: இழுக்கவே கூடாது, சுவரும் சிறுநீரகத் தமனிகளின் வாயும் கிழிந்துவிடும். உதரவிதானத்துக்குக் கீழே பெருந்தமனியைக் கிளாம்ப் செய்து (இடுக்கியால் ரத்த ஓட்டத்தை நிறுத்தி), வீக்கத்தைத் திறந்து, உறைந்த ரத்தத்தை அகற்றி, கசியும் கிளைகளைத் தைத்த பிறகு, 20 மி.லி. சிரிஞ்சின் முனையை வெட்டி, அந்த வெறுங்குழலைக் கிராஃப்டின் மேல் மாட்டி மெல்ல மேலே தள்ளினால், கம்பிகள் குழலுக்குள் மடங்கிக் கொக்கிகள் சுவரைவிட்டு விலகும். நிட்டினால் (நிக்கல்-டைட்டானியம் கலப்புலோகம்) கம்பியாக இருந்தால் பனிக்கட்டிபோல் குளிர்ந்த உப்புநீரை ஊற்றுங்கள், அது இளகிக் கொடுக்கும். அப்படியும் வராவிட்டால் மேல்துண்டை உள்ளேயே விட்டு மீதியை வெட்டியெடுத்து, அத்துண்டையும் தமனிச் சுவரையும் சேர்த்துப் புதிய டாக்ரான் (பாலியெஸ்டர் துணி) குழாயைத் தைப்பதே விவேகம். சிறுநீரகங்கள் ரத்தமின்றி நெடுநேரம் தாங்கா; ஆகவே இயன்ற உடனே கிளாம்பை அவற்றுக்குக் கீழே மாற்றிவிட வேண்டும்.

கேள்வி: கிருமித் தொற்று இருந்தாலும் ஒரு துண்டை விடலாமா?

பதில்: விடக் கூடாது. கிராஃப்டையும் சுற்றியுள்ள அழுகிய திசுவையும் முழுமையாக அகற்றி, நோயாளியின் தொடை ஆழ்சிரை, கொடையாகப் பெற்றுப் பதப்படுத்திய தமனி, ரிஃபாம்பிசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தில் ஊறவைத்த டாக்ரான் ஆகியவற்றில் பொருந்துவதைத் தைத்து, வயிற்றின் கொழுப்புத் திரையால் போர்த்துவோம். குடலோடு துளை விழுந்திருந்தால் அதையும் அப்போதே சரிசெய்ய வேண்டும்.

கேள்வி: அறுவைக்கு முன் நாங்கள் எதைத் தயாராக வைத்திருக்க வேண்டும்?

பதில்: முதல் சிகிச்சையின் குறிப்புகளையும் எல்லா சி.டி. படங்களையும் தேடி எடுத்து வையுங்கள். கொக்கி இருக்கும் இடம் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடுவதால், கிராஃப்டின் பெயரும் அளவும் தெரிந்தால்தான் கிளாம்பை எங்கே வைப்பது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்ய முடியும்.