ரிமார்க்ஸ் பத்தியை முதலில் படியுங்கள்

வணக்கம். நடுத்தர அளவு நிறுவனம் ஒன்றில் ஆர்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பல வருடங்களாக எங்கள் வேலை முழுக்க ஒரே எக்செல் ஷீட்டில் ஓடியது. போன வருடம் நிறையச் செலவழித்துப் புதிய மென்பொருள் கொண்டுவந்தார்கள், பயிற்சியும் கொடுத்தார்கள். ஆனால் என் ஆட்கள் மென்பொருளில் ஏற்றிவிட்டு அதே விவரத்தைப் பழைய ஷீட்டிலும் எழுதிக்கொள்கிறார்கள். கேட்டால் "ஒரு பாதுகாப்புக்கு" என்கிறார்கள். மேலிடம் ஷீட்டை அழிக்கச் சொல்கிறது. இது பழக்கதோஷமா, பயமா? அழித்தால் சரியாகிவிடுமா?
– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இப்போதைக்கு அழிக்க வேண்டாம். அந்த ஷீட்டின் கடைசியில் அநேகமாக ரிமார்க்ஸ் என்று ஒரு பத்தி இருக்கும், அதை மேலிருந்து கீழ்வரை பொறுமையாகப் படித்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். 'பாதி அனுப்பியாச்சு, மீதிக்கு விலை பேசுகிறார்கள்', 'இவர் போனில் சரி சொன்னால் போதாது, எழுதி வாங்கவும்' என்ற மாதிரி வரிகள் அதில் கிடக்கும். புதிய மென்பொருளில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 'அனுப்பப்பட்டது', 'அனுப்பப்படவில்லை' என்று இரண்டே தெரிவுகள் இருந்தால், பாதி அனுப்பியவர் எதைத் தொடுவார்? எதைத் தொட்டால் சேவ் ஆகிறதோ அதை. யாரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் மாதக் கடைசியில் மேலே போகும் அறிக்கை பொய்யாகிவிடுகிறது.

பழக்கதோஷம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரே விவரத்தை இரண்டு முறை எழுதுவது கூடுதல் உழைப்பு, காரணமில்லாமல் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

ஷீட்டின் பிறப்பே இப்படித்தான். 1979-இல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் செய்த விசிகால்க், எக்செல்லுக்கு முன்னோடியான ஷீட் மென்பொருள், ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. அதுவரை பெரிய நிறுவனங்களில் கணினி என்பது தனித் துறையின் கையில் இருந்த பொருள். ஒரு கணக்கை வேறு மாதிரி போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அவர்களிடம் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். விசிகால்க் வந்ததும் கணக்குப் பார்ப்பவரே ஓர் எண்ணை மாற்றி, மொத்தமும் கண்ணெதிரே மாறுவதைப் பார்த்தார், யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அந்த ஒரு மென்பொருளுக்காகவே கணினி வாங்கியவர்கள் உண்டு. உங்கள் ஆட்கள் செய்வதும் அதேதான்.

அதற்காக ஷீட்டை நான் கொண்டாடவில்லை. மேலிடத்தின் கவலையும் நியாயமானது. 2020-இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 16,000 கொரோனா தொற்றாளர்களின் விவரம் சில நாட்கள் கணக்கில் ஏறாமலே போனது. காரணம், பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் 65,536 வரிசைகளுக்கு மேல் கொள்ளாது. அவர்களோடு பழகியவர்களைத் தேடிச் சொல்வதும் அதனால் தாமதமானது. ஷீட் நிரம்பிவிட்டதென்று யாருக்கும் தெரியவில்லை, பயமுறுத்துவது அதுதான்.

ஷீட்டும் மனிதர்களை வளைத்திருக்கிறது. மார்ச்1, செப்ட்2 போன்ற மரபணுச் சுருக்கப் பெயர்களை எக்செல் தேதி என்று நினைத்து மாற்றிவிடும், அந்தப் பிழையோடு ஆய்வுக் கட்டுரைகளே வெளியாகின. கடைசியில் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றியது, மார்ச்1 இன்று மார்ச்எஃப்1. இது 2020-இல் நடந்தது. தானாக மாற்றுவதை நிறுத்தி வைக்கும் வசதி எக்செல்லில் வந்ததோ 2023-இல். உங்கள் புதிய மென்பொருளும் உங்கள் ஆட்களிடம் இதையேதான் கேட்கிறது: நடந்ததை எனக்குத் தெரிந்த பெயரில் சொல், இல்லாவிட்டால் சொல்லாதே.

அப்புறம் அந்தப் "பாதுகாப்பு". இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மென்பொருள் யார், எந்த நேரத்தில் ஏற்றினார் என்பதைப் பதிந்துவைக்கும், ஏன் என்பதைப் பதியாது. நாளை ஓர் ஆர்டர் தவறினால் திரையில் தெரிவது ஊழியரின் பெயரும் நேரமும் மட்டும். வாடிக்கையாளர் கடைசி நிமிடத்தில் மாற்றிச் சொன்னார் என்பதற்கு ஷீட்டில்தான் சாட்சி இருக்கிறது. ஜோனதன் குருடின் என்ற ஆய்வாளர் 1988-லேயே இதற்குப் பக்கத்தில் வந்து ஒன்றைச் சொன்னார்: குழுவாகப் பயன்படுத்தும் மென்பொருள்கள் தோற்பதற்கு ஒரு காரணம், அதில் உழைத்து விவரம் ஏற்றுகிறவர் ஒருவர், பலன் பெறுகிறவர் வேறொருவர். உங்கள் இடத்தில் பலன் அறிக்கை படிக்கிறவருக்கு. ஏற்றுகிறவருக்குக் கூடுதல் வேலையும், மாட்டிக்கொள்ளும் பயமும்.

ஆகவே, இரண்டிலும் எழுதுகிற ஒருவர் பக்கத்தில் ஒரு முழு வேலைநாள் உட்காருங்கள். ஏன் எழுதுகிறாய் என்று கேட்காதீர்கள், கேட்டால் மறைப்பார்கள். எந்தக் கட்டத்தில் மென்பொருளை விட்டு ஷீட்டுக்குப் போகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சிலவற்றுக்கு ஒரு தெரிவைச் சேர்த்தால் போதும், 'பகுதி அனுப்பப்பட்டது' என்று. சிலவற்றுக்குக் காரணம் எழுத ஒரு பெட்டி வேண்டும், அதைத் தவறு நடந்தால் விசாரிக்கிறவரும் படித்தாக வேண்டும். இவை நடந்தபின் ஷீட்டில் எழுதுவது தானாகவே குறையும் என்று நம்புகிறேன். குறையவில்லையென்றால் இன்னொரு நாள் உட்காருங்கள்.

ஒன்றை மட்டும் இன்றே விசாரித்துவிடுங்கள்: மென்பொருளில் ஒரு தெரிவைச் சேர்க்கும் அனுமதி யாரிடம் இருக்கிறது? விற்ற நிறுவனத்துக்கு எழுதி, கட்டணம் கட்டி, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமென்றால் இந்த ஷீட்டை அழித்தாலும் வேறொரு பெயரில் இன்னொன்று முளைக்கும். அந்த அனுமதியை உங்கள் பிரிவில் ஒருவருக்காவது கேட்டு வாங்குங்கள்.