கன்ட்ரோலுக்குப் பின்னால் வரும் சொல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில், விதிகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு பையர்களுக்குப் போகும் ரிப்போர்ட்களை எழுதுவது என் பொறுப்பு. போன மாதம் ‘கன்ட்ரோல் ஆன் கெமிக்கல்ஸ்’ என்று எழுதியிருந்தேன். மேனேஜர் அதை ‘ஓவர்’ என்று திருத்தினார். ஆடிட்டுக்கு வந்தவர் அதையும் அடித்துவிட்டு ‘ஆஃப்’ என்று போட்டார். அடுத்த பக்கத்தில் ‘ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் ஆன் ஓவர்டைம்’ என்று இருந்ததை மட்டும் யாரும் தொடவில்லை. இதற்கெல்லாம் விதி உண்டா? மனப்பாடம் செய்ய நல்ல பட்டியலோ ஆப்போ இருந்தால் சொல்லுங்கள். தமிழ் மீடியத்தில் படித்ததால் இந்தக் கஷ்டம் கடைசிவரை விடாது போல. அர்த்தம் புரிந்தால் போதாதா, இந்தச் சின்னச் சொற்களுக்காக ஏன் இத்தனை திருத்தம் என்றும் தோன்றுகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசி வரி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் நாலு வரியில் தனியாகப் பதில் போட்டு முடித்திருப்பேன். கொஞ்ச நாளாக, பேச்சுரிமைக்கு எங்கெல்லாம் வரம்பு வைக்கலாம் என்று சொல்லும் நம் அரசியல் சட்டத்தின் 19(2) பிரிவு சம்பந்தமான பழைய தீர்ப்புகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்த நேரத்தில் ‘சின்னச் சொல்’ என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் உங்கள் கெமிக்கல். ஆடிட்டர் போட்டதுதான் பொருத்தம். கெடுதல் செய்யக்கூடிய ஒன்றை எல்லை மீறாமல் அடக்கி வைப்பது என்றால் ‘கன்ட்ரோல் ஆஃப்’. வேலையிடத்து ரசாயனங்களுக்காக பிரிட்டனில் உள்ள 2002ஆம் ஆண்டு விதிகளின் பெயரே ‘கன்ட்ரோல் ஆஃப் சப்ஸ்டன்ஸஸ் ஹஸார்டஸ் டு ஹெல்த்’. உங்கள் ஊர்ச் சாயப்பட்டறைகளுக்கும் பொருந்துகிற 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் தலைப்பிலும் ‘ப்ரிவென்ஷன் அண்ட் கன்ட்ரோல் ஆஃப் பொல்யூஷன்’ என்றுதான் இருக்கிறது. ஒருவருக்கு இன்னொருவர் மீது இருக்கும் பிடியைச் சொல்ல வேண்டுமானால் ‘ஓவர்’. சப்-கான்ட்ராக்டர்கள் மீது உங்கள் நிறுவனத்துக்கு இருப்பது அது. அரசு போடும் தடைகளும் உச்சவரம்புகளும் என்றால் பெரும்பாலும் பன்மையில், ‘கன்ட்ரோல்ஸ் ஆன் எக்ஸ்போர்ட்ஸ்’ என்று வரும். ரெஸ்ட்ரிக்‌ஷன், பேன், கேப், டாக்ஸ் எல்லாம் ஒன்றின் மேல் சுமத்தப்படுகிறவை, ஆகவே ‘ஆன்’. மேனேஜர் எழுதியதிலும் பெரிய தப்பில்லை. ‘ஆஃப்’புக்கும் ‘ஓவர்’க்கும் நடுவில் வேலி கிடையாது, பல இடங்களில் இரண்டுமே செல்லும்.

ஆப் எதுவும் எனக்குத் தெரியாது. பட்டியலும் தர மாட்டேன்.

தமிழ் மீடியம் என்ற புலம்பலை இதோடு விட்டுவிடுங்கள். கோபமாகவே சொல்கிறேன். பெரிய ஆங்கிலப் பள்ளிகளில் படித்து வந்தவர்கள்தான் மீட்டிங்கில் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்றும் ‘எம்ஃபசைஸ் ஆன்’ என்றும் தினமும் சொல்கிறார்கள். அது ஏன் வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ‘டிஸ்கஸ்’ வினைச்சொல், எதைப் பேசுகிறோமோ அதை நேராகப் பிடித்துக்கொள்ளும், நடுவில் ஆள் வேண்டாம். ‘டிஸ்கஷன்’ பெயர்ச்சொல், அதற்கு ‘ஆஃப்’போ ‘அபௌட்’டோ ‘ஆன்’னோ இல்லாமல் நகராது. ‘எம்ஃபசைஸ்’ தனியாகப் போகும், ‘எம்ஃபசிஸ்’ ‘ஆன்’னோடு போகும். ‘டிமாண்ட்’ வினையாக வந்தால் ஒன்றும் வேண்டாம், பெயராக வந்தால் ‘ஃபார்’. ரெஸ்ட்ரிக்ட், ரெஸ்ட்ரிக்‌ஷன் ஆன். வயலேட், வயலேஷன் ஆஃப். கன்ட்ரோலும் இந்தக் கூட்டம்தான்: ‘கவர்ன்மென்ட் கன்ட்ரோல்ஸ் ப்ரைசஸ்’ என்று வினையாகப் போடும்போது ‘ஓவர்’ எதற்கு? பெயருக்குரிய ஒட்டை வினையோடு ஒட்டுவதில்தான் நம்மூர்த் தவறுகளில் பெரும்பகுதி பிறக்கிறது.

தமிழிலும் இதே கதைதான். ‘விலையைக் கட்டுப்படுத்து’ என்கிறோம். கட்டுப்பாடு என்று பெயராக்கினால் அந்த ‘ஐ’ போய்விடுகிறது, ‘விலை மீதான கட்டுப்பாடு’ என்கிறோம். ‘அரசின் கட்டுப்பாடு’, ‘அரசு மீதான கட்டுப்பாடு’ இரண்டையும் நீங்கள் என்றைக்காவது குழப்பியிருக்கிறீர்களா? யாரும் பட்டியல் தரவில்லை. காதில் விழுந்து விழுந்து வந்தது. ஆங்கிலத்தையும் அப்படித்தான் வாங்கிக்கொள்ள வேண்டும், பெயரையும் அதன் வாலையும் சேர்த்து ஒரே சொல்லாக. ‘கம்ப்ளையன்ஸ்’ என்று தனியாக ஒரு சொல் இல்லை, ‘கம்ப்ளையன்ஸ் வித்’தான் சொல். ‘எக்ஸம்ப்ஷன் ஃப்ரம்’ ஒரு சொல். பையர்கள் உங்களுக்கு அனுப்பும் நடத்தை விதிகளையே தினம் ஒரு பக்கம் வாய்விட்டுப் படியுங்கள்.

கல்லூரி முடித்த புதிதில் நான் மதுரையில் ஒரு வக்கீல் ஆபீசில் இருந்தேன். டைப் அடித்த தாள்களை மூலத்தோடு ஒப்பிட்டு வாசிப்பது என் வேலை. வாடகை கோடவுன் ஒன்று தகராறில் இருந்தது. சாவி யாரிடம் இருந்தது என்பதில்தான் வழக்கே நின்றது. ‘கோடவுன் மேனேஜரின் கட்டுப்பாட்டில் இருந்தது’ என்று சொல்ல ‘இன் த கன்ட்ரோல் ஆஃப் த மேனேஜர்’ என்று வர வேண்டும். டைப் அடித்தவர் நடுவில் இருந்த ‘த’வை விட்டுவிட்டார். ‘இன் கன்ட்ரோல் ஆஃப்’ என்றாகிவிட்டது. நான் வாசித்ததும் சீனியர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “மேனேஜர் கோடவுனை ஆள்றானா, கோடவுன் மேனேஜரை ஆளுதா?” ஆபீசில் யாரும் சிரிக்கவில்லை, அவர் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த ஒரு வரி போதும் என்று அவருக்குத் தெரியும். அந்தத் தாளை மறுபடி அடித்த பிறகுதான் அன்றைக்கு எல்லோரும் சாப்பிடப் போனோம்.

அது ஒரு கோடவுன் விவகாரம். 19(2) நம் எல்லோருடைய வாய்க்கும் பேனாவுக்கும் ஆனது. 1950இல் சென்னை அரசு, பம்பாயிலிருந்து வந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற வாரப் பத்திரிகை இந்த மாநிலத்துக்குள் வரக் கூடாது என்று தடை போட்டது. பத்திரிகையை நடத்திய ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அரசியல் சட்டம் அன்று இருந்த நிலையில், அரசின் பாதுகாப்பைக் குலைக்கும் எழுத்தைத்தான் தடுக்கலாம், பொது ஒழுங்கு என்ற பரந்த காரணம் போதாது என்று சொல்லித் தடையை நீதிமன்றம் நீக்கியது. மறுவருடமே முதல் திருத்தம் வந்தது. ‘ரீசனபிள் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் ஆன் த எக்சர்சைஸ் ஆஃப் த ரைட்’ என்று எழுதினார்கள். கவனியுங்கள், ‘ஆன் த ரைட்’ இல்லை, உரிமையைப் பயன்படுத்துவதன் மீது. நல்லது. ஆனால் எதற்காகக் கட்டுப்படுத்தலாம் என்று சொல்லும் இடத்தில் ‘இன் தி இன்ட்ரஸ்ட்ஸ் ஆஃப்’ என்று வைத்து, அதன் கீழ் பொது ஒழுங்கையும் சேர்த்தார்கள்.

1957இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த இடத்தில் விரலை வைத்தது. சட்டத்தில் இருப்பது ‘ஃபார் த மெயின்டனன்ஸ் ஆஃப்’ அல்ல, ‘இன் தி இன்ட்ரஸ்ட்ஸ் ஆஃப்’. ஆகவே நேரடியாகப் பொது ஒழுங்கைக் காக்கவென்று செய்யப்படாத சட்டமும் இதற்குள் அடங்கும் என்றது. அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தில் மத உணர்வுகளைப் புண்படுத்துவது பற்றி இருந்த 295ஏ பிரிவு அப்படித்தான் பிழைத்தது. ஒரு சொற்றொடரின் அகலத்தால் எத்தனை பேனாக்கள் மேல் அந்தப் பிரிவு பாய முடிந்தது என்று பாருங்கள்! அப்புறம் 1960இல் சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியாவின் வழக்கு. கால்வாய்ப் பாசன வரியை உயர்த்தியபோது கட்டாதீர்கள் என்று விவசாயிகளிடம் அவர் பேசினார், கைதானார். அதே ‘இன் தி இன்ட்ரஸ்ட்ஸ் ஆஃப்’ஐ வைத்துக்கொண்டே, பேச்சுக்கும் ஒழுங்குக் குலைவுக்கும் இடையே நெருங்கிய தொடர்பு வேண்டும், எங்கோ தூரத்தில் கற்பனையாக இருந்தால் போதாது என்று நீதிமன்றம் அந்த அகலத்தைக் கொஞ்சம் சுருக்கியது. நம்மூரில் தடை செய்யப்பட்ட ஒரு பத்திரிகையில் தொடங்கிய விஷயம் இது. அர்த்தம் புரிந்தால் போதாதா என்கிறீர்கள். அர்த்தம் அந்தச் சொற்களில்தானே இருக்கிறது, வேறு எங்கே போய்ப் புரிந்துகொள்வீர்கள்?

உங்கள் ரிப்போர்ட்டில் யாரும் தொடாத அந்த ஓவர்டைம் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆன்’ சரிதான், அதை விடுங்கள். அதற்குக் கீழே, கூடுதல் நேரம் வேலை வாங்குவது பற்றி ‘வித் த கன்சென்ட் ஆஃப் த வொர்க்கர்’ என்று எழுதியிருக்கிறீர்களா, ‘வித் நோட்டீஸ் டு த வொர்க்கர்’ என்று எழுதியிருக்கிறீர்களா? முதலாவதில் சம்மதம் தொழிலாளியிடமிருந்து வர வேண்டும். இரண்டாவதில் தகவல் அவரிடம் போனால் போதும், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வழியில்லை. ராத்திரி ஷிஃப்ட்டில் நிற்கப்போகிற பெண்களுக்கு இது சின்ன விஷயமா? பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். இரண்டாவதாக இருந்தால், மேனேஜரிடம் அதை மாற்றச் சொல்லிவிட்டு எழுதுங்கள்.