எந்தத் தப்பும் செய்யாத கறுப்பின ஆணைப் பார்த்து அமெரிக்காவில் ஏன் பயப்படுகிறார்கள்?

அவர் செய்ததை வைத்து அந்தப் பயம் வருவதில்லை. கறுப்பினத்தவரைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த கதையிலிருந்து வருகிறது.

2020 மே 25, நியூயார்க் சென்ட்ரல் பார்க். பைனாகுலரோடு பறவை பார்க்க வந்த கிறிஸ்டியன் கூப்பர் என்ற கறுப்பினத்தவர், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் நாயை வாரில் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அந்த இடத்தின் விதியே அதுதான். அந்தப் பெண்ணோ, 'ஆப்பிரிக்க அமெரிக்கர் ஒருவர் என்னை மிரட்டுகிறார்' என்று போலீசுக்குப் போன் செய்தார். அப்படிச் சொல்லப்போவதைக் கூப்பரிடமே முதலில் சொல்லிவிட்டுத்தான் செய்தார். அந்த வார்த்தை எடுபடும் என்று தெரிந்திருக்கிறது பாருங்கள், எனக்கு மனது கொதிப்பது அங்கேதான்.

அதே நாள் மாலை மினியாபோலிசில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தில் போலீஸ்காரரின் முழங்கால்; அதில் அவர் உயிரே போனது.

அதனால்தான் பல கறுப்பினப் பெற்றோர் மகனுக்குச் சின்ன வயதிலேயே சொல்லி வைக்கிறார்கள்: போலீஸ் நிறுத்தினால் கை வெளியே தெரியட்டும், கடைக்குள் பாக்கெட்டில் கை விடாதே.