ஸ்லாட் மெஷினை ஏமாற்றும் 'ஹேக் ஆப்' 300 வெள்ளிக்கு விற்கிறார்கள். ரஷ்யக் கும்பல் செய்தது இதுதானா?

வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வி நீளமானது, சாரம் இதுதான். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டப்புற டவுன். அங்கே கார் கழுவும் கடையில் வேலை செய்யும் அவருடைய மச்சானுக்கு யாரோ வாட்ஸாப்பில் செய்தி அனுப்பியிருக்கிறார்கள்: ரஷ்யர்கள் வெறும் கைப்பேசியை வைத்து அமெரிக்கக் கேசினோக்களின் ஸ்லாட் மெஷின்களை, அதாவது பட்டனை அழுத்திப் படங்களைச் சுழலவிட்டு ஆடும் சூதாட்ட இயந்திரங்களை, கறந்த கதை. "அதே டெக்னிக், ஆப்பாகவே இருக்கிறது, 300 வெள்ளி" என்றதும் மச்சான் பணத்தைப் போட்டு, ஏபிகே கோப்பை (ஆப் கடைக்கு வெளியே இருந்து ஏற்றும் ஆப் கோப்பு) இறக்கி, கைப்பேசியில் ஏற்றியும்விட்டார். இது வேலை செய்யுமா என்பது முதல் கேள்வி. தென்கொரியாவின் ஜேஜு தீவு கேசினோவில் மலேசியப் பெண் ஒருவர் சம்பந்தப்பட்டதாகச் செய்தி வந்ததே, அந்தப் பணம் எப்படி மாயமானது என்பது இரண்டாவது.

ஆப் வேலை செய்யாது. ரஷ்யர் செய்தி உண்மை. ஆனால் மச்சானின் கைப்பேசியைக் கவனிப்பதுதான் முதல் வேலை. விளக்கம் பிறகு.

அந்த ஆப் ஏறும்போது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டதா, 'அக்சஸிபிலிட்டி'யைத் திறக்கச் சொன்னதா என்று கேளுங்கள். ஸ்லாட் விளையாட்டுக்கு எஸ்எம்எஸ் எதற்கு? எஸ்எம்எஸ் அனுமதி இருந்தால் வங்கி அனுப்பும் டேக் நம்பர் (பணப் பரிமாற்றத்தை உறுதி செய்யும் எண்) உங்களுக்கு முன்னே அவர்கள் கைக்குப் போகும். அக்சஸிபிலிட்டி இருந்தால் திரையில் நீங்கள் தட்டுவதைப் பார்க்கலாம், உங்களுக்குப் பதிலாக அவர்களே தட்டவும் செய்யலாம். இரண்டில் ஒன்று கொடுத்திருந்தாலும் வைஃபை, டேட்டா இரண்டையும் நிறுத்தி, சிம்மைக் கழற்றி வேறொரு பழைய கைப்பேசியில் போடுங்கள். அதிலிருந்தே வங்கி அட்டையின் பின்புறம் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் 997-க்கு அழையுங்கள். அது தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். முதல் ஓரிரு மணி நேரத்தில் அழைத்தால்தான் வழியில் எங்காவது மறிக்க முடியும். அடுத்தது போலீஸ் ரிப்போர்ட்.

உரையாடலை அழிக்கவே கூடாது. எல்லாரும் கோபத்தில் முதலில் அதைத்தான் அழிக்கிறார்கள். பணம் போட்ட கணக்கு எண், பெயர், ரசீது, அனுப்பியவரின் எண், எல்லாவற்றையும் படம் பிடித்து வையுங்கள். திரையில் ஆப்பின் ஐகானை மட்டும் நீக்கினால் போதாது, சில ஆப்கள் ஐகானை மறைத்துக்கொண்டு உள்ளேயே இருக்கும். இந்த ஆதாரங்களையும் உங்கள் புகைப்படங்களையும் வேறு கருவியில் எடுத்து வைத்த பிறகே கைப்பேசியை முழுதாக ரீசெட் செய்யுங்கள். கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

"சூதாடப் போய் ஏமாந்தேன் என்று போலீஸில் எப்படிச் சொல்வது" என்ற தயக்கம் வரும். விற்றவன் நம்பியிருப்பதே அந்தத் தயக்கத்தைத்தான். உரிமம் இல்லாத ஆன்லைன் சூதாட்டம் இங்கே குற்றம்தான், 1953-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட விடுதிச் சட்டம் இருக்கிறது. அதற்காகக் கணக்கு காலியாவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

இனி ரஷ்யர்கள். 2014 ஜூனில் மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸில் ஒரு கேசினோவின் கணக்குப் பிரிவு ஒன்றைக் கவனித்தது: சில மெஷின்கள் வாங்கியதைவிட அதிகம் கொடுத்திருந்தன, ஆனால் பெரிய ஜாக்பாட் எதுவும் விழவில்லை. கேமராப் பதிவில் ஓர் ஆள். அரிஸ்டோக்ராட் நிறுவனத்தின் பழைய மார்க் 6 வகை மெஷின்களில் மட்டும் உட்காருகிறார். கைப்பேசியைத் திரைக்கு அருகில் பிடித்தபடி சில ஆட்டம் ஆடிவிட்டு எழுந்து போகிறார். பிறகு திரும்பி வந்து அதே மெஷினில் உட்கார்ந்து ஜெயிக்கிறார். காட்டிக்கொடுத்தது அவருடைய விரல். ஸ்லாட் ஆடுகிறவர்கள் பட்டனைப் படபடவென்று தட்டிக்கொண்டே இருப்பார்கள். இவர் விரலைப் பட்டனுக்கு மேலே அந்தரத்தில் வைத்துக் காத்திருந்து, திடீரென்று அழுத்தினார்.

ஸ்லாட் மெஷினுக்குள் இருக்கும் 'ரேண்டம்' (தற்செயல்) உண்மையான ரேண்டம் அல்ல. ஒரு சூத்திரம் ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணைப் பெற்றுக்கொண்டே ஓடுகிறது. சூத்திரமும் இப்போது எந்த எண்ணில் நிற்கிறது என்பதும் தெரிந்தால், வரப்போவதெல்லாம் தெரியும். 2009-ல் ரஷ்யாவின் பெரும்பகுதியில் கேசினோக்கள் தடை செய்யப்பட்டபோது பழைய மெஷின்கள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கும்பல் அவற்றை வாங்கிப் பிரித்து, உள்ளே இருந்த நிரலைப் படித்து, சூத்திரத்தைக் கண்டுபிடித்தது. மீதி வேலை கேசினோவில். சுமார் இரண்டு டஜன் சுழற்சிகளைக் காணொளியாக எடுத்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு அனுப்புவார்கள். அங்கே உள்ள கணினி, அந்த மெஷின் எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடித்து, எந்தெந்த நொடியில் அழுத்த வேண்டும் என்ற பட்டியலைக் கைப்பேசிக்கு அனுப்பும். அழுத்த வேண்டிய கணத்துக்குக் கால் நொடி முன்னால் கைப்பேசி அதிரும், ஆள் அழுத்துவார். எல்லா முறையும் சரியாக அமையாது. அமைகிற தடவைகளே லாபத்துக்குப் போதும். அந்தக் கும்பலில் சிலர் அமெரிக்காவில் சிறைக்குப் போனார்கள். 2016-ல் சிங்கப்பூரிலும் இதே வித்தையோடு வந்தவர்கள் பிடிபட்டார்கள்.

இதில் எத்தனை பொருள்கள் வேண்டியிருந்தன பாருங்கள். பிரித்துப் பார்க்க ஒரு மெஷின், தன் முடிவைத் தானே கணக்கிடும் பழைய ரக மெஷின், அது கண்முன்னே நிற்க வேண்டும், அழுத்தும் நேரம் முடிவை மாற்ற வேண்டும். உங்கள் டவுனில் கைப்பேசியில் ஆடும் ஸ்லாட் ஆப்பில் இவை எதுவுமே கிடையாது. முடிவு எங்கோ வெளிநாட்டில் இருக்கும் சர்வரில் தீர்மானமாகி, கைப்பேசிக்கு வரும்போது வெறும் படமாகத்தான் வருகிறது. அந்தப் படத்தைக் கைப்பேசியில் உட்கார்ந்து 'ஹேக்' செய்வது, தொலைக்காட்சியை உடைத்துப் பந்தாட்டத்தின் கோல் எண்ணிக்கையை மாற்றப் பார்ப்பது மாதிரி. தவிர, உரிமம் பெற்ற கேசினோ மெஷினைச் சோதிக்க ஆய்வுக்கூடமும் அதிகாரியும் உண்டு. இந்த ஸ்லாட் ஆப்பை யாரும் சோதிப்பதில்லை. ஜெயித்தாலும் பணம் கிடைப்பது, ஆடுவதற்கு ஐடி கொடுக்கும் ஏஜென்ட் மனசு வைத்தால்தான்.

"ஆனால் 50 வெள்ளி போட்டு 8,000 ஆனதை விற்றவர் காணொளியில் காட்டினாரே?" என்பீர்கள். அவரும் ஏஜென்ட்தான், ஏஜென்டுக்கென்று ஒரு கட்டுப்பாட்டுப் பலகம் உண்டு. அதில் ஒவ்வொரு ஐடியிலும் எவ்வளவு 'ஸ்கோர்' இருக்க வேண்டும் என்று அவரே ஏற்றலாம், இறக்கலாம். தன் சொந்த ஐடியில் 8,000 ஏற்றிக்கொண்டு ஆடிக் காட்டுவதில் வித்தை ஒன்றும் இல்லை. 'ஹேக் ஆப்பை' வாங்கியவரிடம் அடுத்து வருவதும் ஒரே பாட்டுத்தான்: "பழைய ஐடியில் ஓடாது, என்கீழ் புது ஐடி எடுங்கள்", பிறகு "ஆக்டிவேஷனுக்கு இன்னும் 150". புது ஐடியில் நீங்கள் தோற்கும் ஒவ்வொரு வெள்ளியிலும் அவருக்குக் கமிஷன். அவர் விற்பது ஆப்பை அல்ல, தன் ஏஜென்சிக்கு ஆள் பிடிக்கிறார். இன்னொன்றும் நடக்கும். "உங்கள் வங்கி அட்டையைக் கொடுங்கள், மாதம் இவ்வளவு வாடகை" என்பார்கள். கொடுத்தால் அடுத்த ஆளை ஏமாற்றிய பணம் மச்சான் பெயரில்தான் வந்து இறங்கும், போலீஸ் தேடி வருவதும் மச்சானைத்தான். இப்படிக் கணக்கை இரவல் கொடுப்பதற்கென்றே 2024-ல் தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவுகள் வந்துவிட்டன. யாருக்காவது பணம் போடும் முன் அரச மலேசியப் போலீஸின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்தக் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் தட்டிப் பாருங்கள்.

இந்த மாதிரிச் செய்தி எதை வாசித்தாலும், எந்த ஓட்டை வழியாகப் பணம் வெளியே வந்தது என்றுதான் நான் தேடுவேன். அந்த ஓட்டை கையில் பிடித்துக் காட்டக்கூடியதாக இருக்கும். நம் ஊர்ப் பெயர் சம்பந்தப்பட்ட, அமெரிக்கச் சூதாட்டக்காரர் ஃபில் ஐவியின் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012 ஆகஸ்டில் லண்டன் குரோக்ஃபோர்ட்ஸ் கிளப்பில், அதாவது மலேசியாவின் கெந்திங் குழுமத்தின் கேசினோவில், பக்காரா என்ற சீட்டாட்டத்தின் ஒரு வகையான புன்டோ பாங்கோ ஆடி அவர் சுமார் 77 லட்சம் பவுண்டு ஜெயித்தார். சீட்டின் பின்புற அச்சு இரு ஓரத்திலும் ஒரே மாதிரி வெட்டப்படவில்லை, மயிரிழை வித்தியாசம் இருந்தது. கூட வந்த பெண், ராசி பார்ப்பவர் போல, நல்ல சீட்டை ஒரு பக்கமாகவும் மற்றதை மறுபக்கமாகவும் திருப்பி வைக்கச் சொல்ல, டீலரும் திருப்பி வைத்தார். இந்த ஆட்டத்துக்கு நல்ல சீட்டுகளான 7, 8, 9 எல்லாம் ஒரு முகமாகத் திரும்பிவிட்டன. கலைத்தது இயந்திரம். அது சீட்டைத் தலைகீழாகத் திருப்பாது. கையால் கலைத்து நடுவில் ஒரு கட்டைத் திருப்பியிருந்தால் அவ்வளவு உழைப்பும் வீண். "இந்தச் சீட்டு ராசியானது, மாற்றாதீர்கள்" என்று கேட்டுக்கொண்டு, அதன்பின் முதல் சீட்டின் முதுகைப் பார்த்தே பந்தயம் கட்டினார். பிழையில்லாமல் ஆடினால் ஆட்டக்காரர் பக்கம் சுமார் 6.5 சதவீதச் சாதகம். கேசினோ அவர் போட்ட முதலை மட்டும் திருப்பித் தந்தது. 2017 அக்டோபரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இதை ஏமாற்று என்றே தீர்ப்பளித்தது. தான் செய்தது நேர்மையான ஆட்டம் என்று அவர் உண்மையிலேயே நம்பியதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, இருந்தும் பணம் கிடைக்கவில்லை. என் பார்வையில் டீலர் சம்மதித்துத் திருப்பிய சீட்டுக்கு ஆட்டக்காரரை மட்டும் குறை சொல்வது சற்று அநியாயம்தான்.

ஆப் இல்லாவிட்டால் 'டபுள்' முறை என்று ஒன்றை விற்பார்கள். தோற்றால் இரண்டு மடங்கு கட்டு, ஒருநாள் ஜெயித்தாக வேண்டும் என்பது அதன் கணக்கு. 10 வெள்ளியில் தொடங்கி எட்டு முறை தொடர்ந்து தோற்றால் போனது 2,550 வெள்ளி. 10 வெள்ளியில் தொடங்கி ஜெயிக்கும் வரை அல்லது எட்டாவது தோல்வி வரை ஆடுவதை ஒரு சுற்று என்று வைத்தால், ஒற்றைப் பூஜ்யம் உள்ள ரூலெட் சக்கரத்தில் சிவப்பு அல்லது கறுப்பில் கட்டும்போது இது சுமார் 207 சுற்றுகளுக்கு ஒருமுறை நடக்கும். மற்ற சுற்றில் கிடைப்பது பத்துப் பத்து வெள்ளி. 206 பத்து 2,060தானே. நம்பர் கடையில் நான்கு இலக்க எண்ணுக்குக் கட்டும் நாலு நம்பரும் அப்படியே. 'பிக்' என்ற வகையில் ஒரு வெள்ளி கட்டினால் பரிசு 2,500, 1,000, 500, பத்து நம்பருக்கு 180, பத்து நம்பருக்கு 60. மொத்தம் 6,400, நம்பர்கள் 10,000. ஆக வெள்ளிக்கு 64 காசு. கனவில் பாம்பு வந்தாலும் வராவிட்டாலும் அதே 64 காசுதான்.

ஜேஜு விஷயம். 2021 ஜனவரியில் வெளியே வந்தது. தென்கொரியாவின் ஜேஜு தீவில் லேண்டிங் கேசினோவில் 1,456 கோடி வோன் ரொக்கம் காணவில்லை. அன்றைய மதிப்பில் ஐந்து கோடி வெள்ளிக்கு மேல். பணப் பொறுப்பில் இருந்த மலேசியப் பெண் அதிகாரி விடுமுறையில் போனவர் திரும்பவில்லை என்றதும் எல்லாரும் அவரையே கதாநாயகியாக்கிவிட்டார்கள். முதலில் எடையைப் பார்க்க வேண்டும். கொரியாவின் மிகப் பெரிய நோட்டு 50,000 வோன். அதில் வைத்தாலும் 2,91,200 நோட்டு, நூறு நூறாகக் கட்டினால் 2,912 கட்டு. ஒரு நோட்டு ஏறத்தாழ ஒரு கிராம் என்றால் 280 கிலோ பக்கம் வரும். கைப்பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறும் சமாசாரம் அல்ல. கேசினோவில் ரொக்கம் 'மாயமானது' என்றால் கட்டடத்தை விட்டே போயிருக்க வேண்டியதில்லை, பெட்டகம் மாறியிருக்கலாம். அதேபோல் போலீஸ் தேடியபோது 800 கோடி வோனுக்கு மேல் அதே கேசினோவின் இன்னொரு பெட்டகத்தில் கிடைத்தது. அதனால் பணம் எப்படி வெளியே போனது என்பதைவிட, அது கணக்கேட்டில் யாருடைய பணம், எதற்காக அவ்வளவு ரொக்கமாக ஒரு தீவில் கிடந்தது என்பதே எனக்குப் பெரிய கேள்வி.

ரொக்கம் ஏன் கேசினோவைத் தேடிப் போகிறது என்பதற்கு 2016 பிப்ரவரி வங்காளதேச மத்திய வங்கித் திருட்டு நல்ல சான்று. நியூயார்க்கில் இருந்த கணக்கிலிருந்து 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலாவின் ஒரு வங்கிக் கிளைக்குப் போய், அங்கிருந்து பெரும்பகுதி கேசினோ மேசைகளுக்குப் போனது. டாக்காவில் வெள்ளிக்கிழமை விடுமுறை, நியூயார்க்கில் சனி ஞாயிறு, மணிலாவில் திங்கள் சீனப் புத்தாண்டு. நிறுத்தச் சொல்லி அனுப்பிய செய்தியைப் படிக்க ஆளில்லை. அன்று பிலிப்பைன்ஸின் பணமோசடித் தடுப்புச் சட்டம் கேசினோக்களைத் தொடவில்லை, 2017-ல்தான் சேர்த்தார்கள். அதோடு பக்காராவில் பந்தயம் கட்ட இரு பக்கம் உண்டு, கேசினோவின் பங்கு 'பேங்கர்' பக்கம் 1.06, 'பிளேயர்' பக்கம் 1.24 சதவீதம். இரு பக்கமும் ஆள் வைத்துச் சமமாகக் கட்டினால் நூறு டாலருக்கு ஒரு டாலர் சொச்சம்தான் போகும், மிச்சம் சூதில் ஜெயித்த காசாக வெளியே வரும். திருட்டுப் பணத்துக்கு இவ்வளவு மலிவான சலவை கிடைப்பது அரிது.

மச்சானின் 300 வெள்ளி திரும்பி வருமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வருவது கடினம். விற்றவனிடமே "பணத்தைத் திருப்பிக் கொடு" என்று எழுத வேண்டாம். திருப்பித் தர உங்கள் வங்கி விவரம் வேண்டும் என்றுதான் பதில் வரும்.