கேள்வி – பதில்: ஊர்ச் சட்டையும் கவுண்டிச் சட்டையும்

அயர்லாந்தின் கேலிக் ஃபுட்பாலில் ஒரே ஆட்டக்காரர் கிளப்புக்கும் ஆடுகிறார், கவுண்டிக்கும் ஆடுகிறார். இரண்டு பேரும் சம்பளம் கொடுப்பார்களா? ஒரே நாளில் இரண்டு மேட்ச் வந்தால்? – மதுரை வாசகர்

இரண்டு பேருமே கொடுப்பதில்லை. 1884-ல் தர்ல்ஸ் ஊரில் தொடங்கிய ஜி.ஏ.ஏ. (இந்த ஆட்டத்தை நடத்தும் கேலிக் தடகளச் சங்கம்) இன்றும் சம்பளமில்லாத அமெச்சூர் அமைப்புதான். கவுண்டி வீரருக்குப் பயிற்சிக்கு வந்து போகும் பயணச் செலவும், அரசு தரும் மானியமும் கிடைக்கும். கிளப் வீரருக்கு அதுவும் இல்லை. பல கிளப்புகளில் அவர்தான் சந்தா கட்டுகிறார்.

கிளப் என்பது ஊர். சிறுவயதில் சேர்ந்த கிளப்பிலேயே கடைசிவரை ஆடுவதுதான் வழக்கம். கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அழைத்தால் போய் ஆடுவார். அழைப்பு நின்றதும் ஊருக்கே திரும்புவார். கெர்ரி கவுண்டியில் இன்னொரு பிடிமானமும் உண்டு: கவுண்டி சாம்பியனான கிளப்தான் அடுத்த ஆண்டு கவுண்டி அணியின் கேப்டனைச் சொல்லும். 2024-ல் டாக்டர் குரோக்ஸ் வென்றது. அதனால் 2025-ல் கெர்ரி அகில அயர்லாந்துப் பட்டம் வென்றபோது அதற்கான சாம் மகுவயர் கோப்பையைத் தூக்கியவர் அந்தக் கிளப்பின் கேவின் ஒயிட்.

மேட்ச் மோதல் முன்பு பெரிய தலைவலி. 2022 முதல் ஆண்டையே இரண்டாக வெட்டிவிட்டார்கள். ஜனவரி முதல் ஜூலை வரை கவுண்டிக்கு, அதன்பிறகு கிளப்புக்கு. கிளப் கவுண்டிப் பட்டம் வென்றால் மாகாணப் போட்டி, அதையும் தாண்டினால் ஜனவரியில் அகில அயர்லாந்து கிளப் இறுதி. வில்லங்கம் அங்கேதான்: ஜனவரி வரை ஜெயித்துக்கொண்டே போன கிளப்பின் வீரருக்கு அதே மாதக் கடைசியில் கவுண்டி லீக் தொடங்கிவிடும். ஓய்வு மாதம் காணாமல் போகும். விவரமான மேனேஜர்கள் அவரை லீக்கின் முதல் சில ஆட்டங்களுக்கு உட்காரவைப்பார்கள்.

கெர்ரியின் நட்சத்திரம் டேவிட் கிளிஃபர்ட் ‘ஜூனியர்’ கிளப்பில் ஆடினார் என்று படித்தேன். பெரியவர் எப்படி ஜூனியரில்? – திருச்சி வாசகி

ஜூனியர் என்பது வயது இல்லை, தரவரிசை. மேலே சீனியர், நடுவில் இன்டர்மீடியட், கீழே ஜூனியர். கில்லார்னி பக்கத்திலுள்ள ஃபோசா சின்ன ஊர், அதனால் அந்தக் கிளப் அப்போது ஜூனியரில் இருந்தது. கெர்ரியில் இப்படிப்பட்ட சின்னக் கிளப்புகள் வட்டார வாரியாக ஒன்றுசேர்ந்து சீனியர் போட்டியில் இறங்கலாம். ஃபோசாக்காரருக்கு அந்தக் கூட்டணி ஈஸ்ட் கெர்ரி. ஆக, ஒரே ஆளுக்கு மூன்று சட்டை.

2017 மைனர் (18 வயதுக்குட்பட்டோர்) இறுதியில் டெர்ரிக்கு எதிராக 4-4 அடித்த பையன் இவர். அடுத்த ஆண்டே சீனியர் கவுண்டி அணிக்கு வந்துவிட்டார். 2022 ஜூலையில் கெர்ரியோடு அகில அயர்லாந்துப் பட்டம். அதே இலையுதிர்காலத்தில் ஈஸ்ட் கெர்ரியோடு கவுண்டி சீனியர் பட்டம். 2023 ஜனவரியில் அண்ணன் பௌடியும் சேர்ந்து ஆட, ஃபோசா ஜூனியர் இறுதியில் ஸ்டூவர்ட்ஸ்டவுனை 0-19, 1-13 என்று வென்றது. ஏழு மாதத்துக்குள் மூன்று சட்டையிலும் பட்டம்! பிழைப்புக்கு அவர் பார்ப்பது ஆசிரியர் வேலை.

அந்த 4-4, 0-19 எல்லாம் என்ன கணக்கு? – சேலம் வாசகர்

முதல் எண் கோல், ஒன்றுக்கு 3 புள்ளி. இரண்டாவது, குறுக்குக் கம்பத்துக்கு மேலே போன பந்துகளின் புள்ளி. 4-4 என்றால் 16. 2025 இறுதியில் கெர்ரி 1-26, அதாவது 29, டோனிகால் 0-19. அந்த ஆண்டு முதல் 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து மேலே அடித்தால் 2 புள்ளி.

மகனுக்கு 16 வயது. கிளப், பள்ளி, கவுண்டி வளர்ச்சி அணி மூன்றிலும் ஆடுகிறான். தொடையின் பின்தசை இந்த ஆண்டு மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. எதை நிறுத்துவது? – டப்ளின் வாசகி

நிறுத்துவதற்கு முன் எண்ணிப் பாருங்கள். மூன்று கோச்சுகளும் தங்கள் பயிற்சியை மட்டும்தான் பார்க்கிறார்கள். மொத்தத்தைப் பார்ப்பவர் எவருமில்லை. ஒரு நோட்டில் ஒவ்வொரு பயிற்சிக்கும் நிமிடத்தையும், எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அவனே 10-க்குத் தரும் மதிப்பெண்ணையும் பெருக்கி எழுதட்டும். 90 நிமிடம், 7 மதிப்பெண் என்றால் 630. வாரக் கூட்டுத்தொகை 1,800-லிருந்து திடீரென 3,000-க்குத் தாவிய வாரத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் தசை பிடித்தது அதை ஒட்டித்தான் இருக்கும். நோட்டை மூன்று கோச்சுகளிடமும் காட்டி, வாரத்தில் எந்த அணியோடு எந்த நாள் என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்.

இந்த ஆட்டத்தில் பின்தசைதான் அதிகம் அடிபடும் இடம். முழு வேக ஓட்டம், ஓடியபடியே நீட்டி உதைத்தல், குனிந்து கால்விரலால் பந்தை எடுத்தல் மூன்றும் அதே தசையைத்தான் இழுக்கின்றன. ஜி.ஏ.ஏ. 15 என்ற 15 நிமிட வார்ம்-அப்பைப் பயிற்சிக்கு முன் செய்யட்டும். அதோடு நார்டிக்: முழங்காலிட்டு நிற்க, இன்னொருவர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, இடுப்பு மடங்காமல் மெல்ல மெல்ல முன்னால் சாய வேண்டும். தொடக்கத்தில் 5 முறை வீதம் 2 செட், வாரம் இரண்டு நாள். மேட்சுக்கு முந்தைய நாள் வேண்டாம். மறுநாள் தசை வலிக்கும்.

மூன்று முறை திரும்பியிருக்கிறதென்றால், ‘ஜாகிங் போனால் வலி இல்லை’ என்ற கட்டத்திலேயே மேட்சில் இறங்கியிருப்பான் என்று நினைக்கிறேன். ஜாகிங் அந்தத் தசைக்குப் பரீட்சையே இல்லை. பாதி வேகம், முக்கால் வேகம், முழு வேகம், பிறகு நெடுந்தூர உதை, பிறகு முழுப் பயிற்சி, அதன்பிறகே மேட்ச். ஒவ்வொரு படிக்கும் மறுநாள் காலையில் வலி இல்லாமல் இருக்க வேண்டும். மூன்றாவது முறை என்பதால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டாமல் எதையும் தொடங்காதீர்கள்.

காசு வேண்டுமென்றால் இந்த கேலிக் வீரர்கள் என்ன செய்வார்கள்? – கோவை வாசகர்

சிலர் சம்பளம் கிடைக்கும் ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பாலுக்குப் போவார்கள். பிடித்து உதைக்கும் கலை கூடவே வரும். நீள்வட்டப் பந்து தரையில் பட்டு எங்கே துள்ளும் என்பதைத்தான் புதிதாகப் படிக்க வேண்டும். கெர்ரியின் டைக் கென்னலி 2005-ல் சிட்னி ஸ்வான்ஸோடு பட்டம் வென்றார். 2009-ல் ஊர் திரும்பி, கெர்ரியோடு அகில அயர்லாந்துப் பட்டமும் வென்றார். 2010-ல் மறுபடி சிட்னிக்கே போய்விட்டார்.