சிபியூ ஃபேன் 3,600 ஆர்பிஎம் காட்டுகிறதா? போர்டை மாற்றாதீர்கள்

கேள்வி: என் டெஸ்க்டாப்பில் சிபியூ கூலர் ஃபேனின் அட்டையில் அதிகபட்சம் 2,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்று போட்டிருக்கிறது. திரையிலோ 3,600, 700, சில நேரம் 0 என்று மாறி மாறிக் காட்டுகிறது. ஃபேன் நின்றதே இல்லை, சத்தமும் மாறவில்லை. போன மாதம் கேபினட்டுக்கு இன்னொரு ஃபேன் வாங்கி, கடையில் கொடுத்த ஒய் ஒயரில் சிபியூ ஃபேனோடு சேர்த்து மாட்டினேன். சர்வீஸ்காரர் பார்த்துவிட்டு, "மதர்போர்டில் ஃபேன் சென்சார் அவுட், போர்டு மாற்ற எட்டாயிரம் ஆகும்" என்கிறார். மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள். அந்த ஒய் ஒயரைக் கழற்றிப் பார்க்கும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மதர்போர்டில் "ஃபேன் சென்சார்" என்று தனியாக ஒன்று கிடையாது. வேகத்தை உணரும் சென்சார் ஃபேனுக்குள்ளேயே, மோட்டாரின் நடுவில் இருக்கிறது. ஃபேன் ஒரு முழுச் சுற்று சுற்றினால் மூன்றாவது ஒயரில் இரண்டு துடிப்புகள் வரும். போர்டில் இருக்கும் ஒரு சிப் அந்தத் துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தை அளந்து ஆர்பிஎம் கணக்கிடுகிறது, அவ்வளவுதான். பெரும்பாலான போர்டுகளில் அது நுவோடான் அல்லது ஐடிஇ நிறுவனத்தின் சிப்பாக இருக்கும். அதே சிப்தான் மற்ற ஃபேன்களையும் வோல்டேஜ்களையும் கவனிக்கிறது. அது செத்துப்போயிருந்தால் எல்லா எண்களும் சேர்ந்து கெட்டிருக்க வேண்டும். மற்ற எண்கள் ஒழுங்காக இருந்து ஒரே ஒரு ஃபேனின் எண் மட்டும் ஆடுகிறது என்றால் சிப்பைக் குற்றம் சொல்ல முகாந்திரமே இல்லை. சர்வீஸ்காரரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், என்ன பதில் வருகிறது என்று தெரிந்துவிடும்.

உங்கள் ஒயரில் நடப்பது இது. ஒய் ஒயரில் இரண்டு ஃபேன்களின் வேக ஒயரும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பின்னுக்குப் போகின்றன. ஒரே கதவை இரண்டு பேர் தட்டினால் உள்ளே இருப்பவர் எத்தனை தட்டு என்று எப்படி எண்ணுவார்? இரண்டு துடிப்புகளும் ஒன்றையொன்று நறுக்கிவிடும்போது இடைவெளி குறைந்து, வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகத் தெரியும். உங்கள் 3,600 அப்படி வந்ததுதான். ஒன்று எழும்போது மற்றது அமுக்கிப் பிடித்தால் துடிப்பே தெரியாமல் 0 காட்டும். இரண்டு ஃபேன்களும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பதால் இந்தக் கூத்து நொடிக்கு நொடி மாறும். ஃபேன்களும் சரி, போர்டும் சரி, நடுவில் இருக்கும் மலிவான ஒயர்தான் கோளாறு.

ஒழுங்காகச் செய்த ஸ்ப்ளிட்டரை, அதாவது ஒய் ஒயரை, அடையாளம் காண்பது சுலபம். ஃபேன் மாட்டும் இரண்டு முனைகளில் ஒன்றில் நான்கு பின்கள் இருக்கும், மற்றதில் மூன்றுதான் இருக்கும். வேகத்துக்கான மூன்றாவது பின்னை வேண்டுமென்றே எடுத்துவிட்டிருப்பார்கள். இரண்டு முனைகளிலும் நான்கு பின் இருந்தால் வாங்காதீர்கள். விற்பவருக்கே இந்த வித்தியாசம் தெரிவதில்லை. உறையிலும் பெரும்பாலும் அச்சிடுவதில்லை. "நாலு பின் இருக்கு சார், மூணு பின்னைவிட நல்லது" என்று சொல்லி விற்கிறார்கள். ஒரு வரி அச்சிட என்ன செலவாகிவிடும் என்று தெரியவில்லை.

செய்ய வேண்டியது: கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்து, எஸ்எம்பிஎஸ் (கேபினட்டின் பவர் சப்ளை) சுவிட்சையும் சுவரில் இருக்கும் சுவிட்சையும் அணைத்து, பவர் பட்டனை ஐந்து நொடி அமுக்கிப் பிடியுங்கள். ஒய் ஒயரைக் கழற்றுங்கள். சிபியூ ஃபேனை மட்டும், போர்டில் "சிபியூ ஃபேன்" என்று அச்சிட்ட இடத்தில் நேரடியாக மாட்டுங்கள். கேபினட் ஃபேனைத் தற்போதைக்குச் சும்மா விடுங்கள். பிறகு ஆன் செய்ததும் டெலிட் அல்லது எஃப்2 பட்டனைத் தட்டி பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன் வரும் போர்டின் செட்டிங்ஸ் திரை) போய் வேகத்தைப் பாருங்கள். எண் 2,000க்குள் நிலையாக நின்றால் வழக்கு முடிந்தது.

கேபினட் ஃபேனுக்குப் போர்டிலேயே வேறு இடம் இருக்கும். "சிஸ் ஃபேன்" அல்லது "சேசிஸ் ஃபேன்" என்று அச்சிட்டிருப்பார்கள், பெரும்பாலும் போர்டின் ஓரங்களில். அதில் மாட்டினால் ஸ்ப்ளிட்டரே வேண்டாம். வேறு இடமே இல்லாத சின்ன போர்டு என்றால் அந்த ஒய் ஒயரையே திருத்திக்கொள்ளலாம். கேபினட் ஃபேன் போகும் கிளையில் மூன்றாவது ஒயரை மட்டும் வெட்டி, வெட்டிய இரு முனைகளையும் இன்சுலேஷன் டேப்பால் சுற்றிவிட்டால் போதும்.

எது மூன்றாவது ஒயர் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நிறத்தை நம்பாதீர்கள். மூன்று ஒயர் ஃபேன்களில் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் என்று வரும். அங்கே மஞ்சள்தான் வேகத்துக்கு. நான்கு ஒயர் ஃபேன்களில் கறுப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று வந்தால் மஞ்சள் 12 வோல்ட் மின்சாரம், பச்சைதான் வேகத்துக்கு. ஒன்றின் கணக்கை வைத்து மற்றதில் வெட்டினால் ஃபேனே நின்றுவிடும். இப்போது வரும் பல ஒயர்களில் நான்குமே கறுப்பு. ஆகவே இடத்தைப் பாருங்கள். போர்டில் பின்களுக்குப் பின்னால் நிற்கும் பிளாஸ்டிக் தடுப்பு முதல் மூன்று பின்களுக்குத்தான் இருக்கும், நான்காவது தடுப்புக்கு வெளியே நிற்கும். அந்த வெளியே நிற்கும் பின்னுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் மூன்றாவது. ஸ்ப்ளிட்டர் முனையிலும் இதே அமைப்புதான்.

இன்னொன்று: பெரும்பாலான போர்டுகளில் ஒரு ஃபேன் இடம் 1 ஆம்பியர்தான் தாங்கும். இரண்டு சாதாரண ஃபேன் சரி. மூன்று நான்கை அதில் தொங்கவிடாதீர்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும் பயாஸில் எண் சரியாக இருந்து, விண்டோஸில் மட்டும் தாறுமாறாக வந்தால் சாஃப்ட்வேர்தான் காரணம். ஃபேன் வேகம் காட்டும் புரோகிராம்களில் போர்டு கம்பெனியினுடையது ஒன்று, எச்டபிள்யூமானிட்டர் ஒன்று, எச்டபிள்யூஇன்ஃபோ ஒன்று என்று மூன்றையும் ஒரே நேரத்தில் ஓட விடுகிறார்கள். எல்லாம் ஒரே சிப்பிடம் ஒரே வழியில் போய்க் கேட்கின்றன. ஒன்று பாதி கேட்டுக்கொண்டிருக்கும்போது இன்னொன்று குறுக்கே புகுந்தால் இதன் பதில் அதற்குப் போய்விடும். சில புரோகிராம்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்கின்றன, போர்டு கம்பெனிகளின் புரோகிராம்கள் பல அந்த முறையை மதிப்பதில்லை. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிட்டு, ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். ஸ்பீட்ஃபேன் என்ற பழைய புரோகிராம் இருந்தால் முதலில் அதைத் தூக்குங்கள். பல ஆண்டுகளாக அப்டேட் ஆகாத சாஃப்ட்வேருக்கு இன்றைய சிப்களைத் தெரியாது, எதையோ படித்து எதையோ காட்டும்.

2025 மார்ச்சிலிருந்து இன்னொரு குழப்பமும் சேர்ந்திருக்கிறது. இந்த வகைப் புரோகிராம்களில் பல பயன்படுத்திய வின்ரிங்0 என்ற டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதால் விண்டோஸ் டிஃபெண்டர் அதைப் பிடித்து ஓரம்கட்டுகிறது. அன்றிலிருந்து ஃபேன் எண்களே காணவில்லை என்று பலர் சொல்கிறார்கள். உடனே "வைரஸ் வந்துவிட்டது, ஃபார்மட் போடணும்" என்று பில் போடும் கடைகள் இருக்கின்றன. இது வைரஸ் அல்ல. டிஃபெண்டரையும் அணைக்க வேண்டாம். புரோகிராமின் புதிய பதிப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்து போட்டுக்கொள்ளுங்கள். "எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் அப்டேட் செய்கிறோம்" என்று விளம்பரம் வரும் சமாசாரங்களைத் தொடவே தொடாதீர்கள். ஃபேன் வேகத்துக்கும் அவற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

எண்ணை நம்புவதா வேண்டாமா என்று சந்தேகம் வந்தால் உங்கள் போனே தீர்ப்பு சொல்லும். ஃபேனின் ஒரே ஒரு இறக்கையில் சின்னதாக வெள்ளை ஒயிட்னர் பொட்டு வையுங்கள். பொட்டு இல்லாமல் செய்யாதீர்கள், இறக்கைகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் கண் ஏமாந்துவிடும். போனில் ஸ்லோமோஷனை 240 ஃபிரேம் என்று வைத்து, பகல் வெளிச்சத்தில் சில நொடிகள் எடுங்கள். நம் ஊர் மின்சாரத்தில் மலிவான எல்இடி பல்புகள் நொடிக்கு நூறு முறை மினுக்கும், வீடியோவில் பட்டை பட்டையாக விழும், அதற்காகத்தான் பகல் வெளிச்சம். வீடியோவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி விஎல்சியில் திறந்து, கீபோர்டில் ஆங்கில ஈ எழுத்தைத் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். பொட்டு பத்து முழுச் சுற்று வர எத்தனை ஃபிரேம் ஆனது என்று எண்ணுங்கள். 1,44,000ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஆர்பிஎம். 120 ஃபிரேம் ஆனால் 1,200, 96 ஆனால் 1,500. அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்களில் பொட்டு அசையாமல் நின்றால் உங்கள் போன் உண்மையில் 240 எடுக்கவில்லை, ஒரே படத்தை இரட்டித்துக் காட்டுகிறது. அப்போது 120 என்று வைத்து மறுபடி எடுங்கள். வகுக்க வேண்டியது 72,000. எண்ணிய வேகமும் பயாஸ் வேகமும் ஐம்பது நூறு வித்தியாசத்தில் இருந்தால் கவலை வேண்டாம், ஃபேன் எப்போதும் கொஞ்சம் ஏறி இறங்கும்.

போன் கணக்கிலும் வேகம் குறைவு என்று வந்தால் எண் பொய் சொல்லவில்லை, ஃபேன்தான் தளர்ந்துவிட்டது. தூசி, அல்லது பேரிங்கில் எண்ணெய் வற்றியது. பிளோயரால் ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் தாறுமாறாகச் சுழலவிட்டால் பேரிங் கெடும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும், இதில்தான் கம்ப்யூட்டரையே இழக்கிறார்கள். பழைய சர்வர், யுபிஎஸ், ஸ்டெபிலைசர் போன்றவற்றிலிருந்து கழற்றிய ஃபேன்கள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன. பார்க்க மூன்று ஒயர் ஃபேன்தான், கம்பெனியும் நல்ல கம்பெனிதான். ஆனால் சில வகைகளில் அந்த மூன்றாவது ஒயர் வேகம் சொல்வதற்கானதே அல்ல. ஃபேன் ஓடுகிறதா, சிக்கி நின்றுவிட்டதா என்று மட்டும் சொல்லும். ஓடும்வரை ஒரே நிலையில் அசையாமல் இருக்கும். துடிப்பே இல்லாததால் போர்டு 0 என்றுதான் படிக்கும், ஃபேன் பறந்துகொண்டிருந்தாலும். இதை சிபியூ கூலரில் கட்டினால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் "சிபியூ ஃபேன் எரர், எஃப்1 அமுக்கு" என்று திரையில் நிற்கும். கடைக்காரர் பயாஸில் போய் குறைந்தபட்ச வேகம் என்ற இடத்தில் "இக்னோர்" என்று வைத்துத் தருவார். எரர் போய்விடும், அவருக்கும் நிம்மதி. ஆறு மாதம் கழித்து ஃபேன் நிஜமாகவே நின்றால் இப்போது எச்சரிக்க யாரும் இல்லை. புராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், பிறகு திடீர் திடீரென்று அணையும். அப்போதும் "போர்டு போச்சு" என்றுதான் பதில் வரும். ஃபேன் ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் எண்ணைத் தேடிப் பார்த்து, மூன்றாவது ஒயரின் வெளியீடு "டாகோ" அல்லது "எஃப்ஜி" (வேகத் துடிப்பு தருபவை) என்று இருந்தால் மட்டும் வாங்குங்கள். "ஆர்டி", "லாக்டு ரோட்டார்" என்று இருந்தால் சிபியூ மேல் கட்டாதீர்கள்.

பெரிய கூலரின் மெதுவான ஃபேனுக்கும் அதே எரர் வரலாம். பயாஸில் வரம்பு 600 என்று இருக்க, ஃபேன் 450இல் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும். அங்கே வரம்பை 200 ஆகக் குறையுங்கள். இக்னோர் வேண்டாம்.

கடைசியாக போர்டு. உண்மையிலேயே அந்த ஃபேன் இடம் கெட்டிருக்குமா என்று அறிய ஒரே சோதனை போதும். ஃபேன்களை அசைக்காமல் போர்டில் ஒயர்களை மட்டும் மாற்றுங்கள்: சிபியூ ஃபேனின் ஒயரைக் கழற்றி கேபினட் ஃபேன் இடத்தில் மாட்டுங்கள், கேபினட் ஃபேனின் ஒயரை சிபியூ இடத்தில் மாட்டுங்கள். பயாஸில் இரண்டு நிமிடம் பார்த்தால் போதும், அதற்குள் சூடேறிவிடாது. தவறான எண் ஃபேனோடு சேர்ந்து இடம் மாறினால் ஃபேன் கோளாறு. சிபியூ இடத்திலேயே தங்கினால் மட்டுமே போர்டு. அப்படியே இருந்தாலும் சிபியூ ஃபேனை "சிபியூ ஆப்ட்" என்று போட்ட இடத்திலோ வேறு இடத்திலோ மாட்டி, அங்கே எச்சரிக்கை வரம்பு வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் ஓட்டலாம். ஒரு பின்னுக்காக எட்டாயிரம் வேண்டாம்.

இந்தச் சோதனையை உங்கள் சர்வீஸ்காரர் செய்தாரா என்று கேளுங்கள். செய்திருந்தால், எந்த இடம் கெட்டது, எப்படி உறுதி செய்தார் என்று ஜாப் ஷீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். போர்டு வாரண்டியில் இருந்தால் அந்தக் காகிதத்தோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போவது உங்கள் உரிமை. அங்கேயும் "பிசிக்கல் டேமேஜ்" என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பும் பழக்கம் இருப்பதால், கொடுப்பதற்கு முன் போர்டின் இரு பக்கங்களையும் புராசஸர் சாக்கெட்டையும் தெளிவாகப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுதித் தரவே மறுத்துப் பணம் மட்டும் கேட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எடுத்துப் போகும்போது ஒய் ஒயரைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.