இலியட்டில் மரக்குதிரை எங்கே?

மரக்குதிரை வரவில்லை என்பதற்காக உங்கள் புத்தகத்தில் பக்கம் விடுபட்டதாக ஆகாது. டிராய் போரைப் பாடும் ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட்டை முழுசாகப் படித்தும், டிராய் நகரைப் பிடிக்க கிரேக்கர்கள் ஒளிந்திருந்த மரக்குதிரையும், கிரேக்க வீரன் அக்கிலீஸின் உடம்பில் ஆயுதம் பாயக்கூடிய ஒரே இடமான குதிகாலும் வரவில்லை என்கிறீர்கள். இரண்டுமே அதில் கிடையாது. பத்தாண்டுப் போரின் கடைசிக் கட்டத்தில் சில வாரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, டிராய் இளவரசன் ஹெக்டரின் இறுதிச் சடங்கோடு ஹோமர் நிறுத்திவிடுகிறார். டிராய் அப்போது விழவில்லை, அக்கிலீஸும் உயிரோடுதான் இருக்கிறான்.

சினிமாவும் சிறுவர் தொகுப்புகளும் பல நூல்களின் சம்பவங்களை ஒன்றாகக் கோத்துவிடுவதால் வரும் குழப்பம் இது. குதிரைக் கதையை ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியின் 8ஆம் காண்டத்தில் ஒரு பாணன் பாடுகிறான். விரிவாக வேண்டுமென்றால் ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் ஈனியட், 2ஆம் காண்டம். ஆயுதம் பாயாதிருக்க குழந்தை அக்கிலீஸைப் பாதாள நதியான ஸ்டிக்ஸில் முக்கியெடுத்த கதை இன்னும் பிந்தியது. கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியக் கவிஞர் ஸ்டேஷியஸிடம்தான் அது கிடைக்கிறது.

சந்தேகமாக இருந்தால் இலியட்டின் 21ஆம் காண்டத்தைப் புரட்டுங்கள். டிராய் தரப்பு வீரன் அஸ்டெரோபயஸ் இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் ஈட்டி எறிகிறான். ஒன்று கேடயத்தில் படுகிறது. மற்றது அக்கிலீஸின் வலது கையை உரசி ரத்தம் வரவைக்கிறது. ஆயுதம் பாயாத உடம்பு என்ற பேச்சே ஹோமரிடம் இல்லை. அவன் சாகப்போவது தெரிந்தே களத்தில் நிற்கிறான், எனக்கு இந்த அக்கிலீஸைத்தான் அதிகம் பிடிக்கும்.

ஆனால் கையில் இருப்பது சுருக்கப் பதிப்பா என்பது தனிக் கேள்வி. 24 காண்டங்களும் இருக்கின்றனவா, 2ஆம் காண்டத்தில் கப்பல்களின் நீண்ட பட்டியல் வருகிறதா என்று பாருங்கள். சுருக்குபவர்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் கை வைப்பார்கள்.